பிறப்பு ரூன்: உங்கள் எழுத்தைக் கண்டுபிடித்து அதன் குணத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் பிறந்தது நவம்பர் 20. பிறந்த தேதிக்கு ஒரு பழைய வட ஐரோப்பிய எழுத்தைத் தரும் பிறப்பு ரூன் பட்டியல் ஒன்றில் முதன்முதலாக என் தேதியைத் தேடியபோது கிடைத்த எழுத்தின் பெயர் நௌதிஸ். பக்கத்தில் மூன்றே சொற்கள்: தேவை, பற்றாக்குறை, தடை. மனசு சுருங்கிப்போனது. ஒரு மாதம் முன்னால் பிறந்திருந்தால் மகிழ்ச்சி என்று பொருள்படும் வுன்யோ கிடைத்திருக்கும். எனக்கு மட்டும் ஏன் இது என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அந்த எழுத்தைப் பற்றிய பழைய ஆங்கிலச் செய்யுளைப் படித்தேன். தேவை நெஞ்சை இறுக்கும் என்றுதான் அதுவும் தொடங்குகிறது. ஆனால் அங்கே நிற்கவில்லை. வேளையோடு அதற்குக் காதுகொடுத்தவர்களுக்கு அதுவே துணையாகவும் மருந்தாகவும் மாறுவதுண்டு என்று முடிக்கிறது. நான் பார்த்த பட்டியலில் இருந்தது முதல் பாதி மட்டும். இரண்டாம் பாதியை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

பிறப்பு ரூன் பற்றி இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகளில் இந்த வெட்டு விழுந்திருக்கிறது. ரூன் என்பது ஒற்றைச் சொல் முத்திரை கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு சின்ன விடுகதை. அதை முழுதாகப் படித்தால்தான் ஒரு மனிதரின் குணத்தைப் பற்றி ஏதாவது சொல்லும். அப்படிப் படிக்கும் முறையைத்தான் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன்: எது பழையது, எது புதியது

ரூன்கள் வட ஐரோப்பிய ஜெர்மானிய மக்களின் எழுத்துகள். மிகப் பழைய வரிசையில் 24 எழுத்துகள் உண்டு. முதல் ஆறின் ஒலிகளைச் சேர்த்து அதை ஃபுதார்க் என்பார்கள். டென்மார்க்கின் விமோஸ் சதுப்பில் கிடைத்த ஒரு சீப்பில் 'ஹர்யா' என்று பொறித்திருக்கிறது; காலம் ஏறத்தாழ கி.பி. 160. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் கிடைத்த கில்வர் கல்லில், சுமார் கி.பி. 400 வாக்கில், 24 எழுத்துகளும் வரிசையாக இருக்கின்றன. வைக்கிங் காலத்தில் எழுத்துகள் 16 ஆகக் குறைந்தன. இங்கிலாந்தில் மாறாக 24-க்கு மேல் பெருகின.

ரூன் என்ற சொல்லுக்கே இரகசியம் என்ற பொருள் உண்டு. நம் 'மறை' என்ற சொல்லைப் போல, ஒளிந்திருப்பதும் போற்றப்படுவதும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அன்றாடத்துக்கும் இதே எழுத்துதான். நார்வேயின் பெர்கன் துறைமுகப் பகுதியில் 1955-இல் தீப்பிடித்த பிறகு நடந்த அகழாய்வில் நூற்றுக்கணக்கான ரூன் குச்சிகள் கிடைத்தன. ஒன்றில், வீட்டுக்கு வரச்சொல்லி கீதா என்ற பெண் அனுப்பிய செய்தி இருக்கிறது.

எழுத்துகளின் பொருள் நமக்கு முக்கியமாக மூன்று ரூன் பாட்டுகளிலிருந்து கிடைக்கிறது: பழைய ஆங்கிலப் பாட்டு, நார்வே பாட்டு, ஐஸ்லாந்துப் பாட்டு. ஆங்கிலப் பாட்டில் 29 எழுத்துகளுக்குச் செய்யுள் உண்டு. மற்ற இரண்டிலும் 16 எழுத்துகளுக்குத்தான். ஆங்கிலப் பாட்டின் ஏடு 1731-இல் தீயில் எரிந்துபோனது. அதற்கு முன்பே, 1705-இல், ஜார்ஜ் ஹிக்கிஸ் அதை அச்சில் ஏற்றியிருந்ததால் நமக்கு மிஞ்சியது. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதிக்கு ரூன் பார்க்கும் வழக்கம் பழங்காலத்தில் இருந்ததற்குச் சான்று கிடையாது. ஆண்டை 24 பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூன் தந்த முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. ஸ்காண்டிநேவியாவில் ரூன் பொறித்த நாட்காட்டிக் கோல்கள் உண்மையில் இருந்தன. ஆனால் அவற்றில் ரூன்கள் கிழமையையும் 19 ஆண்டு நிலவுச் சுழற்சியையும் காட்டும் குறிகள். குணத்தைச் சொல்ல அவற்றைப் பயன்படுத்தவில்லை. ஆக, தேதி முறை புதியது, எழுத்தின் பொருள் பழையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்களுக்கு பிறப்பு ரூன் நல்ல ஒரு கண்ணாடி. எதிர்காலத்தைச் சொல்லும் என்று நம்பிக் கையில் எடுக்காதீர்கள்.

படி 1: தேதியை எடுத்துக்கொள்ளுங்கள்

ஜென்ம நட்சத்திரம் பார்க்க பிறந்த நேரமும் நிலவின் இருப்பும் வேண்டும். இங்கே ஆங்கிலத் தேதி மட்டும் போதும். 365 நாளை 24-ஆல் வகுத்தால் ஓர் எழுத்துக்கு 15 நாள் சொச்சம். அந்தச் சொச்சத்தை எங்கே சேர்ப்பது என்பதில் பட்டியலுக்குப் பட்டியல் ஒரு நாள் முன்பின் ஆகும். எனவே எல்லை நாளிலோ அதற்கு முதல் நாளிலோ பிறந்தவர்கள் இரண்டு எழுத்துகளையும் படியுங்கள். எது உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறதோ, அதை முதலில் எடுத்துப் பாருங்கள். புகழும் எழுத்தைத் தேர்ந்துகொள்வது எல்லோருக்கும் இயல்பு. அதனால் புதிதாக எதுவும் தெரியவராது.

இன்னொன்று, வெளியே தெரியும் வானிலையோடு ஒப்பிடாதீர்கள். நவம்பர் கடைசியில் பிறந்தவர்களுக்குப் பனிக்கட்டி எழுத்து வரும். அப்போது நம் ஊரில் கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்த எழுத்துகள் வடக்கின் குளிர், காடு, கடல் இவற்றோடுதான் பேசுகின்றன. அவற்றை அங்கேயே வைத்துப் படியுங்கள்.

படி 2: உங்கள் எழுத்தைக் கண்டுபிடியுங்கள்

24 எழுத்துகளும் எட்டெட்டாக மூன்று கூட்டங்கள். ஒவ்வொரு எழுத்தும் தொடங்கும் தேதியைக் கொடுத்திருக்கிறேன். அடுத்த எழுத்து தொடங்கும் வரை அது நீடிக்கும்.

*முதல் எட்டு*

ஃபெஹு (ஜூன் 29): நேர்ப்பொருள் கால்நடை, அதிலிருந்து செல்வம். தமிழிலும் மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு, புரிந்துகொள்வது எளிது. செல்வம் எல்லோருக்கும் ஆறுதல், ஆனால் தாராளமாகப் பகிர வேண்டும் என்கிறது ஆங்கிலப் பாட்டு. அது உறவுக்குள் சண்டை மூட்டும், ஓநாய் காட்டில் வளரும் என்கிறது நார்வே பாட்டு. இவர்கள் சேர்க்கத் தெரிந்தவர்கள். கேள்வி, கை திறக்கிறதா என்பதுதான்.

உரூஸ் (ஜூலை 14): ஆரோக்ஸ் என்ற காட்டெருது. இப்போது உலகில் இல்லை. கடைசிப் பசு 1627-இல் போலந்தில் இறந்தது. பெரிய கொம்போடு சதுப்பு நிலத்தில் திமிர்ந்து நடக்கும் விலங்கு என்கிறது பாட்டு. உடம்பாலும் மனசாலும் தாங்கும் சக்தி உள்ளவர்கள். அடக்கினால் நிற்க மாட்டார்கள். ஐஸ்லாந்துப் பாட்டிலோ இதே பெயர் தூறல் என்று மாறிவிடுகிறது: மேகத்தின் அழுகை, காயப்போட்ட வைக்கோலின் நாசம். வலிமையான ஆட்களின் கண்ணீரை யாரும் கவனிப்பதில்லை என்று எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

துரிசாஸ் (ஜூலை 29): வடக்கில் அரக்கன், இங்கிலாந்தில் முள். பிடித்தவர் கையைக் குத்தும். தன் எல்லையைக் காக்கத் தெரிந்த, பேச்சில் கூர்மை உள்ள ஆட்கள். முள்வேலி தோட்டத்தைக் காக்கும்; வாசலையும் அடைத்துவிடக் கூடாது.

அன்சூஸ் (ஆகஸ்ட் 13): தெய்வம், அதிலும் வடக்கின் பழைய தெய்வங்களுக்குத் தலைவரான ஓதின். ஆங்கிலப் பாட்டு இதை மொழியின் ஊற்று, அறிவுக்குத் தாங்கல் என்கிறது. நார்வே பாட்டில் ஆற்றின் முகத்துவாரம். பயணங்கள் தொடங்கும் வழி. பேச்சும் எழுத்தும் கற்பித்தலும் வரும். ஓதின் ரூன்களைப் பெற்றது ஒன்பது இரவுகள் காற்றாடும் மரத்தில் ஈட்டிக் காயத்தோடு தொங்கிய பிறகுதான். விலை கொடுக்காமல் பேசும் பேச்சு இவர்களுக்கு ஒட்டாது.

ரைதோ (ஆகஸ்ட் 29): சவாரி. எனக்கு மிகப் பிடித்த செய்யுள் இது. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குச் சவாரி எளிது, நெடுவழியில் குதிரை மேல் இருப்பவனுக்கே அது கடினம் என்கிறது. திட்டம் போடுவதில் கெட்டிக்காரர்கள். புறப்படும் நாளில்தான் இவர்கள் யாரென்று தெரியும்.

கெனாஸ் (செப்டம்பர் 13): ஆங்கிலத்தில் தீப்பந்தம், பெரியவர்கள் அமர்ந்திருக்கும் கூடத்துக்குள் எரிவது. வடக்கில் இதே இடத்தில் வருவது புண், பிள்ளைகளைக் கொல்லும் நோய். கைத்தொழில், கலை, தெளிவு ஒரு பக்கம். உள்ளே கனன்று வேதனை தரும் சூடு மறுபக்கம். இரண்டும் நெருப்புதான்.

கெபோ (செப்டம்பர் 28): கொடை. பெருக்கல் குறியின் வடிவம். கொடுப்பது கொடுப்பவருக்கு மதிப்பு, வேறெதுவும் இல்லாதவருக்கு உயிர். கொடுப்பதில் சளைக்காதவர்கள். வாங்கிக்கொள்ளும்போதுதான் கூச்சம் வரும். பழைய வடக்கில் பெற்ற கொடைக்குத் திரும்பக் கொடுப்பது கடமை. ஒரு வழிப் பாதை அங்கே கிடையாது.

வுன்யோ (அக்டோபர் 13): மகிழ்ச்சி. துயரம் அதிகம் அறியாதவனுக்கு உரியது என்று செய்யுள் சொல்கிறது. இனிமையான, சூழலை லேசாக்கும் ஆட்கள். பிறர் துயரத்தின் பக்கத்தில் உட்காரப் பழக வேண்டியிருக்கும்.

*இரண்டாம் எட்டு*

ஹகலாஸ் (அக்டோபர் 28): ஆலங்கட்டி மழை. இதைத் தானியம் என்று அழைக்கிறார்கள்: தானியங்களிலேயே வெண்மையானது, வானத்திலிருந்து சுழன்று விழுவது, கடைசியில் நீராவது. அடித்து நொறுக்கும் அதுவே விதையைப் போலவும் இருக்கிறது. திடீர் மாற்றங்கள் வழியாக வளர்பவர்கள். கோபம் சடசடவென்று கொட்டும், சீக்கிரம் உருகும். உருகியதைத் தாங்கள் மறந்துவிடுகிறார்கள். அடிபட்ட செடிக்கு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

நௌதிஸ் (நவம்பர் 13): தேவை. என் எழுத்து, அடுத்த படியில் விரிவாக வருகிறேன்.

ஈசா (நவம்பர் 28): பனிக்கட்டி. ஒரே ஒரு செங்குத்துக் கோடு. மணிக்கல் போல மின்னும், பார்க்க அழகான, வழுக்கும் தரை. நார்வே பாட்டில் அது அகன்ற பாலம், குருடனைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டிய இடம். ஐஸ்லாந்தில் ஆற்றின் பட்டை, அலையின் கூரை. அமைதி, நிதானம், தன்னடக்கம். கீழே ஆறு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. இவர்களை உணர்ச்சி இல்லாதவர்கள் என்பவர்கள் மேல்பட்டையை மட்டும் பார்த்தவர்கள்.

யேரா (டிசம்பர் 13): ஆண்டு, நல்ல விளைச்சல். டிசம்பரில் அங்கே மண் உறைந்துகிடக்கும். இருந்தும் சூரியன் திரும்புவது இந்த நாட்களில்தான். பொறுமை, ஒழுங்கு, காலம் அறிந்து செய்வது. அவசரப்படுத்துபவர்களோடு ஒத்துப்போகாது.

ஐவாஸ் (டிசம்பர் 28): யூ மரம். வெளியே சொரசொரப்பு, மண்ணில் உறுதி, நெருப்பின் காவலன். நம்பிச் சாயலாம். ஆனால் இந்த மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. வில் செய்ததும் இதில்தான். தாங்குபவர்கள், சீண்டக் கூடாதவர்கள்.

பெர்த்ரோ (ஜனவரி 13): சொல்லின் பொருளே அறிஞர்களிடையே தீராத புதிர். போர்வீரர்கள் மது அருந்தும் கூடத்தில் ஆட்டமும் சிரிப்பும் என்கிறது செய்யுள். துணிந்து பார்க்கும் மனசு, இரகசியம் காக்கும் வாய்.

அல்கிஸ் (ஜனவரி 28): கடமான் என்பார்கள், ஆங்கிலப் பாட்டில் சதுப்பில் வளரும் கூரிய கோரை. பிடிக்கிறவன் கையைக் கிழிக்கும். பாதுகாக்கும் இயல்பு. யாரிடமிருந்து யாரை என்பதை அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

சோவிலோ (பிப்ரவரி 13): சூரியன். கடலோடிகளுக்கு நம்பிக்கை, கரை சேரும் வரை. நம்பிக்கை ஊட்டுபவர்கள், வெற்றி பெறுபவர்கள். செய்யுளில் சூரியன் வருவது கடல் நடுவில் என்பதைக் கவனியுங்கள். வெளிச்சத்தின் அருமை ஆபத்தில்தான்.

*மூன்றாம் எட்டு*

திவாஸ் (பிப்ரவரி 27): தீர் என்ற தெய்வம், ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமையின் பெயர் இவரிடமிருந்து வந்தது. ஃபென்ரிர் என்ற ஓநாயைக் கட்டும்போது நம்பிக்கைக்குப் பிணையாகத் தன் கையை அதன் வாயில் வைத்தார், இழந்தார். ஆங்கிலப் பாட்டில் இரவு மூட்டத்தின் மேல் தடம் மாறாத வழிகாட்டிக் குறி. சொன்ன சொல்லுக்காக இழக்கத் தயாரானவர்கள். ஒன்றை யோசிக்க வேண்டும்: அந்தக் கட்டு ஏமாற்றுக் கட்டு, தீருக்கும் அது தெரியும். நேர்மை இவர்களை எளிதான இடத்தில் வைப்பதில்லை.

பெர்கானோ (மார்ச் 14): பிர்ச் மரம். பழம் இல்லாமலே துளிர்விடும் என்கிறது பாட்டு. வளர்ப்பு, அரவணைப்பு, புதுத் தொடக்கம். புளூடூத் சின்னத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளில் ஒன்று இதன் பிற்கால வடிவம். மற்றது ஹகலாஸின் வழி வந்தது. டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத்தின் பெயரெழுத்துகள் அவை.

ஏவாஸ் (மார்ச் 30): குதிரை. கூட்டாளியோடு இருந்தால்தான் முழுமை. தனியாக ஓடினால் வேகம் இருக்கும், திசை இருக்காது.

மன்னாஸ் (ஏப்ரல் 14): மனிதன். மனிதனுக்கு மனிதன் மகிழ்ச்சி என்கிறது ஐஸ்லாந்துப் பாட்டு. ஆங்கிலப் பாட்டோ, உறவினருக்கு அன்பானவனும் ஒருநாள் அவர்களைக் கைவிட்டே ஆக வேண்டும், உடம்பு மண்ணுக்குப் போகும் என்கிறது. ஆட்களால் சூழ்ந்திருப்பவர்கள். பிரிவைப் பற்றிய பயமும் அடியில் இருக்கும்.

லகூஸ் (ஏப்ரல் 29): நீர். ஆடும் படகில் இறங்கியவனுக்குக் கடல் முடிவில்லாதது, கடற்குதிரை கடிவாளத்துக்கு அடங்காது. இங்கே கடற்குதிரை என்பது கப்பல். ஆழ்ந்த உணர்வு, கற்பனை. கட்டுப்படுத்தப் பார்த்தால் கவிழும்.

இங்வாஸ் (மே 14): இங் என்ற தெய்வம். கிழக்கு டேனியர்களிடையே (டென்மார்க் மக்கள்) முதலில் தோன்றி, அலைகளைத் தாண்டிப் போனவர், தேர் பின்தொடர்ந்தது. சத்தமில்லாமல் முடித்துவிட்டுக் கிளம்புபவர்கள்.

ஓதலா (மே 29): பிதுரார்ஜிதம், சொந்த மண். வீடு எல்லோருக்கும் பிரியமானது, முறைப்படி அங்கே வாழ முடிந்தால் என்று ஒரு நிபந்தனை வைக்கிறது செய்யுள். குடும்பப் பற்று ஆழமானது. அந்த நிபந்தனையை இவர்கள் மறக்கக் கூடாது.

தகாஸ் (ஜூன் 14): பகல். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒன்றாக வரும் வெளிச்சம். வடக்கில் ஆண்டின் மிக நீண்ட பகல் இந்த நாட்களில்தான். தெளிவு, பாரபட்சமின்மை. ஓய்வெடுக்கத் தெரியாமை இதன் மறுபக்கம் என்று நான் கருதுகிறேன்.

படி 3: எழுத்தை இரண்டு பாதியாகப் படியுங்கள்

ஒரு தாளை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் அந்த எழுத்து தரும் கொடை, வலது பக்கம் அது கேட்கும் விலை. பெரும்பாலான செய்யுளில் இரண்டும் இருக்கின்றன. மூன்று பாட்டும் ஒரே எழுத்தைப் பற்றி வேறு வேறு சொன்னால், ஒன்றைத் தள்ளிவிடாமல் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

என் எழுத்தையே எடுத்துக்கொள்கிறேன். நௌதிஸ், ஒரு செங்குத்துக் கோட்டைக் குறுக்கே சாய்வாக வெட்டும் இன்னொரு கோடு. தீக்கடைகோலின் வடிவம் என்று பலர் அதைப் பார்க்கிறார்கள். வட ஐரோப்பாவில் ஆடுமாடுகளுக்குக் கொள்ளைநோய் வந்தால் கட்டையைக் கடைந்து புது நெருப்பு மூட்டும் வழக்கம் இருந்தது, அதற்குத் தேவை நெருப்பு என்றே பெயர். நார்வே பாட்டு சொல்கிறது: தேவை தேர்ந்தெடுக்க இடம் தராது, உடுப்பில்லாதவன் உறைபனியில் நடுங்குவான். ஆங்கிலப் பாட்டு சொல்வதை முதலிலேயே பார்த்தோம்.

இப்போது தாளில் என்ன எழுதினேன்? இடது பக்கம்: குறைவானதை வைத்துக் காரியம் நடத்தத் தெரியும், நெருக்கடியில் தலை தெளிவாக இருக்கும். வலது பக்கம்: நெருக்கடி இல்லாதபோதும் நெஞ்சு இறுக்கமாகவே இருக்கும், உதவி கேட்க மாட்டேன். உண்மைதான். சம்பளம் ஒழுங்காக வந்த ஆண்டுகளிலும் மாதக் கடைசி போலவே வாழ்ந்திருக்கிறேன். ஆனால் செய்யுளில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: வேளையோடு. தேவை மருந்தாவது, அதை வேளையோடு கேட்டால்தான். எனக்கு உதவி வேண்டும் என்பதை நான் எப்போதுமே மூன்று வாரம் தாமதமாகத்தான் ஒப்புக்கொள்வேன். பற்றாக்குறை என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து இது எனக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் எழுத்திலும் இப்படி ஒரு சொல் இருக்கும். ஃபெஹுவில் பகிர்வது, ரைதோவில் வீட்டுக்குள், ஓதலாவில் முறைப்படி. செய்யுளின் திருப்பம் அந்தச் சொல்லில் நிற்கும். அதைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். இந்தப் படிக்கு மட்டும் ஒரு மாலை ஒதுக்கலாம், அவசரமில்லை.

படி 4: எதிரில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்

24 எழுத்துகளையும் ஒரு வட்டமாக எழுதுங்கள். உங்கள் எழுத்திலிருந்து பன்னிரண்டு இடம் தள்ளி, நேர் எதிரில் ஒன்று இருக்கும். இது பழைய மரபு இல்லை, நான் வைத்துக்கொண்ட பழக்கம். ஆனால் பல இடங்களில் வியக்க வைக்கும் இணைகள் வருகின்றன. ஹகலாஸுக்கு எதிரில் லகூஸ்: ஆலங்கட்டி உருகி ஆகும் நீர். ரைதோவுக்கு எதிரில் திவாஸ்: பயணிக்குத் தடம் மாறாத குறி. துரிசாஸுக்கு எதிரில் அல்கிஸ்: முள்ளும் கூர்க்கோரையும், தாக்கும் கூர்மையும் காக்கும் கூர்மையும். யேராவுக்கு எதிரில் தகாஸ், குறும்பகலும் நெடும்பகலும். என் நௌதிஸுக்கு எதிரில் இங்வாஸ், முடித்துவிட்டுக் கிளம்பிப் போகும் தெய்வம். வலது பக்கத்தில் நீங்கள் எழுதிய விலைக்கு எதிர் எழுத்து என்ன பதில் சொல்கிறது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

உங்கள் எழுத்து எந்தக் கூட்டத்தில் எத்தனையாவது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது பழைய விஷயம்: கூட்டத்தின் எண்ணையும் இடத்தின் எண்ணையும் கோடுகளாகப் போட்டு மறையெழுத்து எழுதினார்கள். 9-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் நிறுத்திய ரொக் கல்லில் மறையெழுத்து ரூன்கள் இருக்கின்றன. நௌதிஸ் என்றால் இரண்டாம் கூட்டம், இரண்டாம் இடம்.

படி 5: சேர்க்கக் கூடாதவை

குறி பார்க்க விற்கும் ரூன் கல் தொகுப்புகள் சிலவற்றில் எழுத்தே இல்லாத வெற்று ரூன் ஒன்று இருக்கும். அது 1980-களில் வந்த சேர்க்கை. பிறப்பு ரூனில் அதற்கு இடமில்லை. தலைகீழ்ப் பொருளும் வேண்டாம். பையிலிருந்து எடுக்கும் கல்தான் தலைகீழாக வரும், பிறந்த தேதி வராது. அப்புறம், 18 ரூன்கள் கொண்ட ஒரு வரிசையைப் பார்த்தால் ஒதுங்கிவிடுங்கள். அது ஆஸ்திரியாவின் கைடோ ஃபான் லிஸ்ட் 1900-களின் தொடக்கத்தில் தானே அமைத்தது. இனவெறிக் கருத்துகளோடு கலந்து வளர்ந்த அந்த ஓடையிலிருந்துதான் நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் நடைமுறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. நாஜிகளின் எஸ்.எஸ். படையின் சின்னம் சூரிய ரூனை இரண்டு தடவை எழுதியது. ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவது சட்டப்படி குற்றம். ஓதலாவை எஸ்.எஸ்.ஸின் ஒரு பிரிவு சின்னமாக வைத்திருந்தது, இன்றும் நவநாஜிக் குழுக்கள் பயன்படுத்துகின்றன. திவாஸ், அல்கிஸ் இரண்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. சோவிலோவிலோ ஓதலாவிலோ பிறந்தவர்கள் வருத்தப்பட வேண்டாம், எழுத்துக்கு அந்தக் கறை சொந்தமில்லை. ஆனாலும் ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து என்று நம் மக்கள் நிறையப் பேர் வாழும் நாடுகளில் அதைக் கழுத்திலோ கையிலோ போட்டுக்கொண்டு தெருவில் நடக்கும்முன் யோசியுங்கள். பச்சை குத்துவதாக இருந்தால் இருமுறை யோசியுங்கள்.

படி 6: கையால் எழுதுங்கள்

அச்சிட்ட படத்தை வைத்துக்கொள்வதைவிட, உங்கள் எழுத்தை நீங்களே ஒரு மரத்துண்டில் கீறுங்கள். முருங்கைக் கட்டை போன்ற மெத்து மரம் வேண்டாம். வேம்பு, மா எதுவானாலும் சரி. ரூன்களில் படுக்கைக் கோடு கிடையாது என்பது கத்தியை வைத்தவுடன் புரியும். மர இழை ஓடும் திசையிலேயே கீறினால் கோடு தெரியாது, கட்டை பிளக்கவும் செய்யும். அதனால் இழையைக் குறுக்கே வெட்டும் செங்குத்துக் கோடும் சாய்வுக் கோடும் மட்டும் வைத்தார்கள். முதலில் நெடுங்கோடு, பிறகு சாய்வுகள். எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸ்லாந்தின் பழங்கதை ஒன்றில் எகில் என்ற கவிஞன் ஒரு வீட்டுக்குப் போகிறான். அங்கே ஹெல்கா என்ற பெண் நோயில் படுத்திருக்கிறாள். படுக்கையைத் தேடினால் ஒரு திமிங்கில எலும்பு, அதில் பத்து ரூன்கள். அவளை விரும்பிய பக்கத்து வீட்டு இளைஞன் காதலுக்கு என்று நினைத்துத் தப்பாகப் பொறித்துவைத்தவை. படிக்கத் தெரியாதவன் ரூன் பொறிக்கக் கூடாது என்று எகில் ஒரு பாட்டுப் பாடுகிறான். எழுத்துகளைச் சுரண்டி நெருப்பில் போடுகிறான், எலும்பையும் எரிக்கிறான், அவள் போர்வை விரிப்பைக் காற்றாடப் போடச் சொல்கிறான். அப்புறம் புதிதாக ரூன்களைப் பொறித்து அவள் தலையணைக்கு அடியில் வைக்கிறான். தூங்கி எழுந்ததுபோல் இருக்கிறது, உடம்பு தேறிவிட்டது, ஆனால் இன்னும் பலமில்லை என்கிறாள் ஹெல்கா.